படத்துக்குள் ஒரு படம்

நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்து ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. நான் எடுத்த குடும்பப் படங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஒரே வகைதான். வீட்டில் ஒருவர் தவறியிருப்பார். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒருநாள் கூடி வந்து, “அப்பாவையும் சேத்து ஒரு குரூப் போட்டோ வேணும் அண்ணாச்சி” என்பார்கள். என்னிடம் தொழில் பழக வரும் பிள்ளைகள் கல்யாணத்தையும் காதுகுத்தையும் அழகாக எடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு படத்துக்கு முன்னால்தான் கை தயங்குகிறது. அவர்களிடம் அவ்வப்போது சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். பொறுமையாகப் படி, மக்கா.

1. கேமரா இல்லாமல் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்வா.

ஸ்டூடியோவில் வைத்தே பேசி முடித்தால் எத்தனை பேர், எத்தனை பிரிண்ட் என்பதோடு பேச்சு நின்றுவிடும். வீட்டுக்குப் போனால்தான் போனவர் இன்றும் அங்கே எந்த இடத்தில் இருக்கிறார் என்பது தெரியும். பல வீடுகளில் அது மாலை போட்ட படம் தொங்கும் இடமாக இருக்காது. ஒரு வீட்டில் தையல் மிஷின். இன்னொரு வீட்டில் கிணற்றடித் துவைகல்.

இறச்சகுளம் பக்கம் ஒரு வீட்டில் தாத்தாவின் சாய்வு நாற்காலி முன்னறையில் கிடந்தது. அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மகன்கள் யாரும் அதில் உட்காருவதில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. நான் பேசிக்கொண்டிருந்தபோது மூன்று வயதுக் கொள்ளுப்பேத்தி ஓடிவந்து அதில் ஏறி, காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். பெரியவர்கள் பதறவில்லை, பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் படம் அங்கேயே கிடைத்துவிட்டது. பத்து நாள் கழித்து அதே அறையில், அதே காலை வெளிச்சத்தில், அந்தக் குழந்தையை நாற்காலியில் விட்டு மற்ற இருபத்தொரு பேரையும் சுற்றி நிறுத்தினேன். தாத்தாவின் போட்டோவை எங்கேயும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை.

2. முடிந்தவரை, துக்கம் ஆறாத நாளில் எடுக்காதே.

எங்கள் காலத்தில் சாவு வீட்டுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காரணம் இருந்தது. அந்த மனிதருக்கு அதுவரை ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். குளிப்பாட்டி, விபூதி பூசி, நாற்காலியில் சாய்த்துக் கட்டி உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளை நிறுத்தி எடுப்போம். பிறகு பிரிண்டில் பிரஷ்ஷால் கண்ணைத் திறந்ததுபோல் எழுதிக் கொடுப்போம். அந்தப் படங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். பல குடும்பங்களுக்கு அப்பாவின் முகம் என்று இருப்பது அது ஒன்றுதான்.

இன்று அந்த நெருக்கடி இல்லை. இருந்தும் பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள், துபாய்க்காரர் நாளைக் கழித்துத் திரும்பிவிடுவார், அன்றைக்கே எடுத்துவிடலாம் என்று கேட்பார்கள். எடுத்துக் கொடு, மறுக்காதே. ஆனால் அழுது வீங்கிய முகங்களின் படம் இது, வருஷம் திரும்பியதும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவை. தலைத்திவசம் நல்ல நாள். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் கடலாடித் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் குடும்பங்களின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றப் போவதற்கு முன்பு, சாயங்கால வெயிலில் எடுத்துவிடு.

3. போனவரை உயிரோடு நிற்பவர்போல் ஒட்டித் தராதே.

இதை நான் என் தவற்றிலிருந்து படித்தேன். 1983. எழுபது வயதான ஓர் அம்மா. அவர் கணவர் இருபத்தெட்டு வயதில் காலமானவர். இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, சேர்த்துத் தரமுடியுமா என்று மகன் கேட்டார். மூன்று நாள் டார்க் ரூமை விட்டு வெளியே வரவில்லை. ஒரு நெகட்டிவுக்கு ஒளி கொடுக்கும்போது தாளின் மறுபாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து, பிறகு மற்றதற்குக் கொடுத்து, சேரும் இடத்தைப் பென்சிலாலும் பிரஷ்ஷாலும் டச்சப் செய்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாத அளவுக்கு வந்தது.

அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார். “எம் பேரன் மாதிரில்லா இருக்காரு” என்றார். பிறகு படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மகன் நீட்டிய பணத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நானே அந்த வீட்டுக்குப் போனேன். கணவரின் படத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் படம், நாலு மூலையும் மழுங்கியிருந்தது. அதை அவர் கையிலேயே கொடுத்து ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். பின்னால் மகனும் மருமகளும், தரையில் பேரப்பிள்ளைகளும். எழுபது வயதுக் கைக்குள் இருபத்தெட்டு வயது முகம். இடையில் கழிந்த அத்தனை வருஷமும் அந்தப் படத்தில் இருந்தது. முதலில் நான் செய்து கொடுத்த படம் அந்த வருஷங்களைத்தான் அழித்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு. போனவர் போனதை மறைக்காமல் எடுக்க வேண்டும். அவரை இந்த வீட்டில் யார், எங்கே, எப்படி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது படத்தில் தெரிந்தால் அவர் தானாக வந்து சேர்ந்துவிடுவார்.

4. ஏ.ஐ.யிடம் முகத்தைக் கொடுக்காதே.

எனக்கு மூன்று நாள் பிடித்த வேலையை இப்போது செல்பேசி மூன்று நிமிஷத்தில் செய்கிறது. இளவயதில் போனவருக்கு நரை போட்டுக் காட்டுகிறது, கண் சிமிட்டவைக்கிறது. கேட்கிறவர்கள் ஆசையில்தான் கேட்கிறார்கள், அவர்களைக் கடிந்துகொள்ளாதே. ஆனால் மங்கிப்போன படத்தில் இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் எங்கிருந்து கொண்டுவருகிறது என்று நீ புரிந்துவைத்திரு. எண்ணற்ற வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து இடைவெளியை நிரப்புகிறது. வருவது இன்னொருவர் முகம்.

ஒரு பாட்டியின் படத்தை அப்படி ஒருவர் சரிசெய்து வாங்கி, குரூப்பில் வைக்க என்னிடம் கொண்டுவந்தார். பாட்டிக்கு முன்பல் ஒன்று கிடையாது. பாம்படம் போட்டு வளர்ந்து தோள்வரை தொங்கிய காது. சரிசெய்த படத்தில் பல்வரிசை முழுசாக இருந்தது, காது சின்னப் பெண்ணின் காதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்தி ஒரு பார்வைதான் பார்த்தாள். “இது எங்க ஆச்சி இல்ல” என்றாள்.

கீறலை எடு. பூஞ்சைப் புள்ளியை எடு. கிழிசலைச் சேர். கண், மூக்கு, வாய், காது இந்த நான்கிலும் கை வைக்காதே. மூலப் படத்தின் ஸ்கேனையும் அவர்களிடம் கட்டாயம் கொடுத்துவிடு.

5. நல்ல மூலத்தைத் தேட இரண்டு நாள் ஆனாலும் தேடு.

முதலில் கையில் கொடுப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படமாக இருக்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் அது சுருங்கியிருக்கும். அசல் எங்கே என்று கேள். சில கிழவிகளுக்கு வாக்காளர் அட்டைப் படம் தவிர வேறொன்றும் இருக்காது. 1993-இல் சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது புகைப்பட அட்டை வந்ததே, அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவைப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர். உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களையும் புரட்டச் சொல். பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்திருப்பார்.

ஊரில் பழைய ஸ்டூடியோ இருந்தால் நெகட்டிவ் கிடைக்குமா என்று கேட்டுப் பார். அதிர்ஷ்டம் வேண்டும். கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி, ஃபிரேமுக்குக் கண்ணாடியாக விற்றவர்கள் எங்கள் தலைமுறையில் உண்டு. ஃபிலிமை வெள்ளி எடுக்கக் கிலோக் கணக்கில் போட்டவர்களும் உண்டு. மிஞ்சியவற்றில் கொஞ்சத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் தேடி எடுத்து டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சலிலிருந்தும் மணக்குடியிலிருந்தும் என்னிடம் ஆட்கள் வந்தார்கள். வீட்டோடு ஆல்பமும் போயிருந்தது. பழைய நெகட்டிவ் பெட்டிகளை அன்றைக்குத்தான் நான் பெயர் எழுதி அடுக்கத் தொடங்கினேன். அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஸ்கேன் விஷயம் சுருக்கமாக. போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. போதும். பாஸ்போர்ட் படம் என்றால் 1200 வை. 35-க்கு 45 மில்லிமீட்டர் படம் அந்தக் கணக்கில் ஐந்தரைக்கு ஏழு அங்குலம் வரை தாங்கும், அதற்குமேல் இழுத்தால் தாளின் சொரசொரப்புதான் பெரிதாகும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதே, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்.

இன்னொன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போட்ட கலர் பிரிண்ட்கள் பல செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும். அந்தக் காலத்துத் தாளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிட்டது, அதனால்தான். ஸ்கேன் செய்து பச்சைச் சேனலை மட்டும் தனியே பிரித்துப் பார். முகம் அதில் தெளிவாக நிற்கும். கறுப்பு வெள்ளையாகவே பிரிண்ட் போட்டுக் கொடு. உதகையில் செய்த ‘இந்து’ பிரோமைட் தாளில் நான் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள், ஹைப்போ போக ஒழுங்காகக் கழுவியவை, இன்றும் நிறம் மாறாமல் இருக்கின்றன.

6. படத்துக்குள் வைக்கும் படம் பெரிதாக இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார். பதினைந்து பேர் மூன்று வரிசையில் நின்றால் நீ பிடிக்கும் அகலம் பன்னிரண்டு அடி. அதைப் பதினெட்டு அங்குலப் பிரிண்டில் போட்டால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். உயிரோடிருப்பவரின் முகம் ஓர் அங்குலம் வரும். பூஜை அறையிலிருந்து எடுத்துவந்த ஃபிரேமில் மூன்று அங்குலமாக இருக்கும் அப்பாவின் முகம் அரை அங்குலம்கூட வராது. யாருக்காகக் கூடினார்களோ அவர் முகத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே முகம் ஏழெட்டு அங்குலம் வருகிறமாதிரி ஒரு என்லார்ஜ்மென்ட் போட்டு வைத்துக்கொள்.

ஃபிரேமின் கண்ணாடியைப் படம் எடுக்கும்வரை கழற்றிவிடு, பாதித் தொல்லை போகும். கழற்ற முடியாவிட்டால் ஃபிரேமின் தலைக்குப் பின்னால் தீப்பெட்டியைச் செருகி முன்பக்கம் சற்றுக் கவிழ்த்து வை. சிவப்பு ஸீரோ வாட் பல்பை அணைக்கச் சொல், அந்த நிறம் நெற்றியெல்லாம் ஏறும். மாலை தோவாளையிலிருந்து எவ்வளவு பெரிதாக வந்தாலும் தாடையை மறைக்காமல் போடு.

7. அம்மாவின் நாற்காலியை முதலில் போடு.

அப்பா போன வீட்டில், படம் எடுக்கும் நேரத்தில் அம்மா தானாகவே பின்வரிசைக்கு நகர்வார். ஓர் அத்தையோ பெரியம்மாவோ, “பேரன் கல்யாணத்துக்கு மாட்டுற படம், நீ ஓரமா நில்லு” என்பதும் உண்டு. அங்கே வாதாடாதே, உன்னால் அந்த அத்தையை ஜெயிக்க முடியாது. யாரும் வருவதற்கு முன்பே நடுவில் நாற்காலியைப் போட்டு, “அம்மா, வெளிச்சம் பார்க்கணும், கொஞ்சம் உட்காருங்க” என்று உட்காரவைத்துவிடு. உட்கார்ந்த அம்மாவை எழுப்ப எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அவரைச் சுற்றி மற்றவர்களை அடுக்கு.

பொட்டு, பூ, சேலை நிறம் இதையெல்லாம் மகளையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடமே தனியாகக் கேள். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் கூட்டத்துக்கான பதில்தான் வரும். மஞ்சள் சேலை கட்ட ஆசைப்பட்டு, கட்டி, கண்ணாடி முன்னால் அழுத அம்மாவை எனக்குத் தெரியும். வெள்ளையில்தான் இருப்பேன் என்று உறுதியாகச் சொன்னவரையும் தெரியும். இரண்டையும் அப்படியே எடு. அவர் சொன்னதற்குமேல் உன் கருத்து எதுவும் வேண்டாம்.

அப்பாவின் படத்தை அம்மாவின் மடியில் கொடுக்கத் தோன்றும். சின்னப் படம் என்றால் சரி. பெரிய ஃபிரேமைக் கால்மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தால் கை கடுக்கும், அந்த வலி முகத்தில் வரும். பக்கத்தில் உயரமான டீப்பாய் போட்டு, அவர் தோள் உயரத்துக்கு வை. எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டாயானால் மூத்த மகன் ஒன்று சொல்வார், சாஸ்திரம் தெரிந்தவர் ஒன்று சொல்வார். நீ அம்மாவிடம் மட்டும் கேள்: “அப்பா எந்தப் பக்கம் உட்காருவாங்க?” யோசிக்காமல் கையைக் காட்டுவார்.

8. காணாமல் போனவர் படத்துக்கு மாலை போடாதே.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால்தான் இறந்தவராக எடுத்துக்கொள்வது நம் சட்டத்தின் பொது வழக்கம். மனைவியின் மனத்துக்கு அந்த ஏழு வருஷக் கணக்கும் கிடையாது. அடுத்த வருஷம் ஒரு பெண், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு வந்து, கணவர் படத்தையும் வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். என்னிடம் வேலை பார்த்த பையன் பழக்கத்தில் சந்தனமாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டுவிட்டான். அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்து, “அவரு வரட்டும்” என்றார்.

அதே 2017-இல், பிப்ரவரியில், இலங்கையின் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு தெருவில் உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களைப் பார், மாலை இருக்காது. இப்படியொரு குடும்பம் உன்னிடம் வந்தால் ‘தவறிப்போனவர்’, ‘நினைவாக’ என்ற சொற்கள் உன் வாயில் வரக்கூடாது. பெயரைச் சொல்லிப் பேசு. ஃபிரேமில் தேதி போடாதே.

9. வீட்டு வழக்கத்தைக் கேட்டுக்கொள்.

தென்புலத்தார் என்ற சொல்லே முன்னோரைத் தெற்கோடு சேர்ப்பது, அதனால் தெற்குச் சுவரில் மாட்டுகிற வீடுகள் இருக்கின்றன. சுவரில் முகப்படமே மாட்டாத இஸ்லாமிய வீடுகளும் இருக்கின்றன. அப்படியொரு வீட்டில் வாப்பாவின் மூக்குக்கண்ணாடியும் அவர் கையால் எழுதிய கடைக் கணக்கு நோட்டும் மேசைமேல் இருக்க, அதைச் சுற்றி நாலு தலைமுறையும் உட்கார்ந்தார்கள். ஆல்பத்துக்கு ஒரே ஒரு பிரிண்ட் போட்டேன்.

குழந்தையை இழந்த வீடு என்றால் என்னிடம் சொல்ல அறிவுரை இல்லை. தாய் என்ன சொல்கிறாரோ அதைச் செய்.

10. நிறுத்தும் முறை.

முதலிலேயே உட்காரவைத்த அம்மாவைத் தவிர, மற்ற வயதானவர்களைக் கடைசியில் கூப்பிட்டு உட்காரவை, குழந்தைகளை அதற்கும் பிறகு. லென்ஸ் 50 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம், குறைந்தால் ஓரத்தில் நிற்கும் மருமகளின் முகம் இழுபடும். மூன்று வரிசைக்கு எஃப் 8 வை, முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஃபோகஸ் பண்ணு. கேமரா உட்கார்ந்திருப்பவர்களின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். “சிரிங்க” என்று சொல்லாதே. போனவரைப் பற்றி ஏதாவது ஒன்றைக் கேள். அவர் சாப்பாட்டில் எதை ஒதுக்குவார் என்று கேட்டால் போதும், மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அழுத்து.

11. பெயர்களை எழுதாமல் பிரிண்டைக் கொடுக்காதே.

கண்ணாடியில் படம் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடு. எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும், ஒட்டிய படம் பூஞ்சை பிடித்தே தீரும். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் காற்றோட, கீழ் மூலைகளில் இரண்டு மரத்துண்டு ஒட்டு.

பிறகு அந்த வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் உறவையும் கேட்டு எழுது. செல்லப்பெயர் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் முகத்தில் தெரியும், இப்போதைய பிளாஸ்டிக் பூசிய தாளில் பென்சிலும் ஏறாது. தனித் தாளில் எழுதி ஃபிரேமின் பின்பலகையில் ஒட்டு. போனவரின் பெயரைக் கீழே தனியாக ஒதுக்காதே. இரண்டாம் வரிசையில் அம்மாவுக்கு வலப்பக்கம் டீப்பாயில் அவர் இருக்கிறார் என்றால், அந்த வரிசையில் அந்த இடம் வரும்போது அவர் பெயரை எழுதிவிட்டு அடுத்தவர் பெயருக்குப் போ.